மாத்திரைக் கவரில் நான் எழுதாமல் விட்ட வரி

இதை எழுத எட்டு வருஷம் தயங்கினேன். கடவுள் ஆறு நாளில் உலகத்தையே முடித்துவிட்டு ஏழாம் நாள்தான் ஓய்வெடுத்தார். நான் எட்டு வருஷம் ஓய்வெடுத்துவிட்டு இப்போதுதான் முதல் வரிக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷக் கடைசி ஆராதனையிலும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, வருகிற வருஷம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பேன். அவரும் பாவம், எட்டு முறை நம்பினார்.

என் பெயர் செல்வின். மேற்குத் தாம்பரத்தில் முப்பது படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் முப்பத்தோரு வருஷம் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி பார்மசிஸ்டுக்கு உரியது. பார்மசிஸ்ட் வர மாட்டார்; அவருடைய சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒழுங்காக வேலைக்கு வந்து, நாற்காலிக்கு மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

நான் எழுதப்போகும் விஷயத்தில் ஒரு மனிதரின் உயிரும் இன்னொரு மனிதரின் பெயரும் இருக்கின்றன. உயிர் பிழைத்துவிட்டது. பெயர் இன்னும் பிழைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை கற்றுக்கொண்ட கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாவது வரை படித்தேன். முதல் வருஷம் கடையைக் கூட்டினேன், இரண்டாம் வருஷம் அட்டைப்பெட்டி பிரித்தேன், மூன்றாம் வருஷத்திலிருந்து டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தேன். டாக்டர் எழுதுவது டாக்டருக்கே மறுநாள் புரியாது; எனக்குப் புரியும். அதைப் புரிந்துகொண்டு, ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி காக்கிக் கவரில் எழுதிக் கொடுப்பதுதான் என் ஊழியம். உள்ளங்கை அளவு கவர். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுத இடம்.

என் கையெழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு அதற்காகத்தான். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகை, அசன விருந்துக் கூப்பன் எல்லாம் என் கைதான். "செல்வின் எழுதினா அச்சு மாதிரி இருக்கும்" என்று முடிச்சூர் ரோடு முழுக்கச் சொல்வார்கள். மனத்தாழ்மையோடு கேட்டுக்கொள்வேன். பெருமை பாவம் என்பதால் வெளியே காட்டுவதில்லை. உள்ளே நிறைய இடம் இருந்தது, அங்கே வைத்துக்கொண்டேன்.

தேவசகாயம் சார் எங்கள் சபை மூப்பர்களில் ஒருவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி செய்கிறவர். அவருக்கு ஒரு நாள் காலின் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிக்கொண்டது. போர்வை பட்டாலே அலறினார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி மூட்டில் படிகிற வாதம். அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டாக்டர், இப்போது காலமாகிவிட்டார், கோல்சிசின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மணிக்கு ஒன்று. வலி குறைந்தால் நிறுத்து. குமட்டலோ பேதியோ வந்தால் வலி இருந்தாலும் உடனே நிறுத்து. எப்படியானாலும் ஆறுக்கு மேல் கூடாது. அந்தக் காலத்தில் அப்படி எழுதும் வழக்கம் இருந்தது. இப்போது டாக்டர்கள் அப்படி எழுதுவதில்லை, மிகக் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மணிக்கு ஒன்று முழுங்கக் கிளம்ப வேண்டாம்.

சீட்டோடு கடைக்கு வந்தது சாரின் மனைவி எஸ்தர் அக்கா.

"சீக்கிரம் குடு செல்வின், ஆட்டோ வெயிட்டிங்ல நிக்குது. இவர் உள்ள உக்காந்து கத்துறாரு."

மூன்று கட்டத்தில் 'மணிக்கு ஒன்று' அடங்கவில்லை. கீழே இருந்த ஒரு வரியில், அச்சு மாதிரி எழுதினேன்: 'மணிக்கு ஒன்று. வலி நிற்கும் வரை.' அழகுக்கு ஒரு அடிக்கோடு வேறு. இடம் தீர்ந்தது. மீதியை வாயால் சொன்னேன் என்று பல வருஷம் என்னை நானே நம்பவைத்திருந்தேன். சொல்லவில்லை. ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

நாலாவது மாத்திரையில் சாருக்கு வலி நின்றுவிட்டது. அந்தக் கவரைக் கிழித்துப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சார் கிழிக்கவில்லை. பத்திரப்படுத்தினார். அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு முறை விரல் வீங்கும், எனக்கு போன் வரும்.

"செல்வின், அதே மாத்திரை ஒரு அட்டை அனுப்பி வைப்பா."

சீட்டு கேட்க வேண்டும் என்பது சட்டம். மூப்பரிடம் சீட்டு கேட்பதா? அனுப்பிவைத்தேன். நாலு, ஐந்து மாத்திரையில் வலி நின்றுவிடும். மீதி மாத்திரை வீட்டிலேயே சேரும்.

இனி எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த அசனத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, மோர். சமையல் எப்போதும் பாக்கியநாதன். பெருங்களத்தூர்க்காரர். அவருடைய கறிக்குழம்புக்காக, வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் வராத ஆத்துமாக்கள்கூட அன்றைக்கு ஒன்பது மணிக்கே வந்து முதல் வரிசையில் உட்காரும். பிரசங்கியார்களால் முடியாததை ஒரு அண்டா சாதித்தது.

பந்தி விசாரிப்பது தேவசகாயம் சாரின் பொறுப்பு. அந்த வருஷம் அவர் ஆராதனைக்கு நடுவில் மூன்று முறை எழுந்து வெளியே போனார். பிரசங்கம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் நான் மூப்பர் இல்லை. பந்தியில் முகம் வெளுத்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். விடாத வாந்தி, தண்ணீராகப் பேதி, தொண்டையெல்லாம் எரிச்சல். அதே இரவில் எங்கள் சபைச் செயலாளருக்கும் வயிறு போயிருந்தது. செயலாளர் முதல் பந்தியில் உட்கார்ந்தார், இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார், மூன்றாம் பந்தியில் ஆள் குறைகிறது என்று துணைக்கு உட்கார்ந்தார். அவருக்கு வயிறு போனதில் மருத்துவ உலகம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேருக்கு வயிறு போனதும் செயலாளர் சபை வாட்ஸப்பில் தீர்ப்பு எழுதிவிட்டார்: 'அசனக் கறி கெட்டுப்போனது. தேவசகாயம் ஐயா கவலைக்கிடம். பாக்கியநாதனை இனி அழைப்பதில்லை.' காலை ஏழரைக்குள் அது கூடுவாஞ்சேரி வரை போய், அங்கிருந்து எனக்கே திரும்பி வந்தது. இரவு டாக்டரும் நோட்டில் 'உணவு நஞ்சு' என்று எழுதி, சலைன் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

நான் கடை திறக்கும்போது பாக்கியநாதன் ஆஸ்பத்திரி கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"செல்வின் அண்ணே, சார் எப்டி கீறாரு?"

"பாத்துக்கிட்டிருக்காங்க."

"அதே கறியத்தான் நானும் துன்னேன். எம் பொண்ணு துன்னுச்சு, அடிச்சட்டிய வழிச்சி துன்னுச்சு. எங்களுக்கு இன்னா ஆச்சு சொல்லு? இன்னாத்துக்கு என் பேர போட்டு நாறடிக்கிறாங்கோ?"

"ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என்ன ஒரு ஆறுதல்!

எட்டரைக்கு டாக்டர் மாலதி வந்தார். பெரிய டாக்டருக்குப் பிறகு வந்தவர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். திட்டுகிற டாக்டரிடம் வேலை செய்வது சுலபம், திட்டி முடித்ததும் டீ குடிக்கப் போகலாம். இவர் கேள்வி கேட்பார். பதில் வந்ததும் அதே கேள்வியை இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார். அடுத்தவர் நோட்டில் எழுதியதை முதலில் படிக்க மாட்டார். நோயாளியைப் பார்த்துவிட்டுத்தான் படிப்பார். சாருக்கு ஒரு ஊசி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். எஸ்தர் அக்காவிடம் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"எப்பம்மா ஆரம்பிச்சுது?"

"நேத்து டாக்டர், அசனம் சாப்ட்டதுக்கு அப்புறம்."

"சாப்ட்டு எவ்ளோ நேரம் கழிச்சு?"

"சாயங்காலம்னு வச்சுக்கோங்களேன்."

"நானா வச்சுக்கக் கூடாதும்மா. முதல் தடவை பாத்ரூம் போனது எப்போ? யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா யோசித்தார். "சர்ச்சுலயே போனாரு. பிரசங்கம் ஓடிட்டிருந்தப்போ."

"பிரசங்கம் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான் டாக்டர். பின்னாடி வச்சா யாரு உக்காருவா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப இன்னும் சாப்பிடாத கறி எப்படிம்மா பேதி உண்டாக்கும்?" என்று கேட்டுவிட்டு, "வீட்ல இருக்கற மாத்திரை அத்தனையும் எனக்கு வேணும். சாப்பிடறது, நிறுத்தினது, பழசு, எல்லாம். டப்பாவோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். டாக்டர் அதை ஒரு ட்ரேயில் கவிழ்த்தார். எந்த அட்டை எந்த மருந்து என்று பிரிக்க என்னை நிற்கச் சொன்னார். பிரஷர் மாத்திரை, வாயு மாத்திரை, யாரோ துபாயிலிருந்து கொடுத்த தைலம். குரோம்பேட்டைக் கடை ஒன்றில் போன வாரம் இருமலுக்கு வாங்கிய ஒரு ஆன்டிபயாட்டிக், ஐந்து நாளாகச் சாப்பிட்டு வந்தது. கோல்சிசின் இரண்டு அட்டை. இருபதில் பதினெட்டுக் குழி காலி.

எல்லாவற்றுக்கும் அடியில் என் கவர் இருந்தது. மடிப்புக் கசங்காமல், கண்ணாடித் தாளுக்குள் வைத்து, ஒட்டியிருந்தார் சார். கணக்கு வாத்தியார் அல்லவா, சூத்திரத்தைப் பாதுகாத்திருக்கிறார்.

டாக்டர் குனிந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கவர் என் சட்டைப் பைக்குள் போனது. என் கை எடுத்துப் போட்டது என்றுதான் எழுத வேண்டும். கை தானாகச் செய்தது மாதிரி எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது.

"இந்தப் பதினெட்டும் எத்தனை நாள்ல சாப்ட்டதும்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு வருஷத்துலயா, ஒரு நாள்லயா? அதைப் பொறுத்துதான் எல்லாமே இருக்கு."

"தெரியலையே டாக்டர். அவர் மாத்திரையை அவரேதான் பாத்துப்பாரு. சனிக்கிழமை கால் வீங்கிடுச்சு, அசனத்துல நிக்கணும்னு என்னத்தையோ முழுங்கிட்டே இருந்தாரு."

சாரைக் கேட்டார். சார் கண்ணைத் திறந்து மூடினார். பேசத் தெம்பில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் என் நெஞ்சின் மேலே, இரண்டு அங்குலத்தில் இருந்தது. நான் கீழே இறங்கிப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பிரார்த்தனை அலமாரி உண்டு. எல்லா மதத்துக்கும் ஒரு தட்டு. சிலுவைத் தட்டுக்கு முன்னால் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும். சாரையும் காப்பாற்றும்." அந்த வரிசையில்தான் கேட்டேன். முப்பது வருஷம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் நான் கற்றுக்கொண்டது அவ்வளவு. கவரைக் கிழித்து, கழிவறையில் போட்டுவிட்டால் பாவம் போய்விடும் என்றும் தோன்றியது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, கால் மணி இருக்கும். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கு வெளியே பாக்கியநாதன் தெரிந்தார். நான் சொன்னதை நம்பி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். யாருடைய வாந்தியால் குற்றவாளி ஆனாரோ, அந்தச் சாருக்காக அவர் ஜெபிக்கிறார். நிஜக் குற்றவாளி அலமாரிக்கு முன்னால் நின்று தனக்காக ஜெபிக்கிறான். லிஃப்ட் வழக்கம்போல் ரிப்பேர். படியேறினேன்.

"டாக்டர், இது டப்பாவுல இருந்துது. நான் எடுத்துட்டேன்."

டாக்டர் வாங்கவில்லை. "படிங்க செல்வின்."

"மணிக்கு ஒன்று. வலி நிற்கும் வரை."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் டாக்டர்."

"பெரிய டாக்டர் அவ்வளவுதான் எழுதியிருந்தாரா?"

இல்லை என்றேன். விட்ட வரிகளைச் சொன்னேன். ஏன் விட்டீர்கள் என்றார். கவரில் இடமில்லை என்றேன். அப்போதுதான் கவரை வாங்கினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். மெதுவாகத் திருப்பிக் காட்டினார்.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?"

முப்பத்தோரு வருஷத்தில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

எஸ்தர் அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவு வந்தது. "அலாரம் வச்சு வச்சு முழுங்கினாரு டாக்டர்! சனி மத்தியானத்துலருந்து. ஞாயித்துக்கிழமை வாந்தி வந்தப்பவும், 'வலி நிக்கல எஸ்தர், நிக்கிற வரைக்கும்னு எழுதியிருக்கு'ன்னு போட்டாரு." எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி செய்கிறவர் என்று சொன்னேன் அல்லவா.

டாக்டர் மாலதி எங்கள் எல்லாருக்கும் விளக்கினார். இந்த மாத்திரை அதிகமானால் முதல் நாள் வயிற்றைப் பிடிக்கும். பார்த்தால் கெட்ட சாப்பாடு மாதிரியே இருக்கும், அங்கேதான் ஏமாறுவோம். பிறகு கொஞ்சம் தேறினது மாதிரி காட்டும், அது இரண்டாவது ஏமாற்று. அந்த நேரத்தில்தான் உள்ளே ரத்த அணுக்கள், சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். இதற்கென்று கையில் மாற்று மருந்து கிடையாது. டயாலிசிஸ் போட்டாலும் இது ரத்தத்திலிருந்து வெளியே வராது. கூடவே சாப்பிட்ட இருமல் ஆன்டிபயாட்டிக், உடம்பு இந்த மருந்தைக் கழித்துத் தள்ளும் வழியை அடைத்துவிட்டது. பழைய தடவைகளில் தப்பித்தவர் இந்த முறை மாட்டியது அதனாலும்தான்.

"செய்ய முடிஞ்சதைச் செய்வோம். முதல்ல அந்த ஆன்டிபயாட்டிக் ஸ்டாப். குளூகோஸ், பொட்டாசியம், மணிக்கொரு தடவை யூரின் அளவு. ஈசிஜி ஓடிட்டே இருக்கணும். செல்வின், மருத்துவக் கரித்தூள் வேணும். லேட்தான், ஆனா இந்த மருந்து குடலுக்கே திரும்பித் திரும்பி வரும். இன்னும் பிடிக்கலாம்."

எங்கள் கடையில் முகம் வெளுக்கும் கிரீம் பதினோரு வகை இருந்தது. உயரமாக வளரும் பவுடர் ஆறு வகை. கரித்தூள் இல்லை. விஷம் சாப்பிட்டு வருபவர்கள் குறைவு, வெளுக்க வருபவர்கள் அதிகம். கடை அப்படித்தான் ஓடும். கேட்டுக்கு ஓடினேன். பாக்கியநாதன் வண்டியில் உட்கார்ந்து, "எங்கண்ணே?" என்று மட்டும் கேட்டார். ஜிஎஸ்டி ரோட்டில் அந்த நேரத்து நெரிசலில் அவர் ஓட்டிய விதத்தை இங்கே எழுத முடியாது. போக்குவரத்துப் போலீசில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சானடோரியத்துக் கடைகளில் கரித்தூள் இல்லை. குரோம்பேட்டையில் நாலாவது கடையில், ஒரு மொத்த வியாபாரியிடம் கிடைத்தது. திரும்பும்போது பாக்கியநாதன் கேட்டார்: "அப்போ கறி இல்லியாண்ணே?"

"இல்ல பாக்கியநாதன். மாத்திரை."

"ஸ்தோத்திரம்" என்றார். யாருடைய தவறு என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. வண்டி இரைச்சலில் கேட்காது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு வண்டி கிடைத்துவிடும்.

கரியை நீரில் கரைத்து மூக்குக் குழாய் வழியே கொடுத்தார்கள், சில மணிக்கொரு முறை. செவ்வாய்க்கிழமை காலை சார் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். பேதி நின்றிருந்தது. எஸ்தர் அக்கா பையைக் கட்டிவிட்டார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் டாக்டர்."

"இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், இப்பவே."

"நேத்து சாகக் கிடந்தப்போ இங்க வச்சிருந்தீங்க. இன்னிக்கு நல்லா இருக்காரு, இன்னிக்குப் போய்…"

"நேத்து தூக்கிட்டுப் போற நிலையில இல்லம்மா. நல்லா இருக்கற இந்த ஒரு நாள்தான் நமக்கு டைம்."

ஆம்புலன்ஸ் வரும்வரை டாக்டர் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். முதல் முறையாக நாற்காலி கிடைத்தது.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும்னு சொல்வாங்களே. எழுதுங்க. அங்க இருக்கற டாக்டர் படிக்கணும். நான் சொல்றதுல ஒரு வார்த்தை விடக்கூடாது."

சொல்லச் சொல்ல எழுதினேன். எத்தனை மாத்திரை, எத்தனை மணி நேரத்தில், கடைசி மாத்திரை எப்போது, முதல் வாந்தி எப்போது, இருமல் மருந்து எத்தனை நாள். நடுவில் அவர் சொன்னார்: "நோயாளி மருந்துக் கவரில் இருந்த முழுமையற்ற குறிப்பைப் பின்பற்றினார்." என் பேனா நின்றது. டாக்டர் காத்திருந்தார். எழுதினேன். அச்சு மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை சாருக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு விழுந்தன. காய்ச்சல் வந்தது. கால்களைத் தூக்க முடியவில்லை. தனி அறையில், அணுக்களை ஏற்றும் ஊசி போட்டார்கள். எஸ்தர் அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அந்தக் கவரைக் காட்டலன்னா இவரை வீட்டுக்குல்ல கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்று எனக்கு நன்றி சொன்னார். நன்றி! அதையும் வாங்கிக்கொண்டேன். சார் கண்ணாடிக்கு உள்ளே கிடந்தார்.

ஒன்பதாம் நாளில் அணுக்கள் ஏற ஆரம்பித்தன. பிறகு தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அதுவும் இந்த மருந்தின் வேலைதான், திரும்ப முளைத்துவிடும் என்றார்கள். மொட்டைத் தலையோடு படுக்கையில் சாய்ந்திருந்தவரிடம் போய், எல்லாவற்றையும் சொன்னேன். பையில் கவரை ஒளித்ததையும் சொன்னேன்.

சார் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு, "விடு செல்வின். வெளியில சொல்லாதே. வேலை போயிடும், உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றார்.

அவர் எனக்குக் காட்டிய இரக்கம் அது. அந்த இரக்கத்துக்கான விலையைப் பாக்கியநாதன் தலையில் கட்டினேன். சபையில் "சார் குணமானார், ஸ்தோத்திரம்" என்று அறிவித்தார்கள். கறி குற்றமற்றது என்று யாரும் அறிவிக்கவில்லை. டாக்டர் செயலாளரிடம் போனில் சொன்னாராம். செயலாளர், மூன்று பந்தி சாப்பிட்ட தன் வயிற்றைச் சாட்சிக்கு அழைத்தார். அடுத்த வருஷத்திலிருந்து அசனத்துக்குப் பொட்டலம் வந்தது. அந்தச் செய்தி மற்ற சபைகளுக்கும் போனதில் பாக்கியநாதனுக்கு விசேஷ வேலைகள் நின்றன. படப்பையில் சாலையோரம் ஒரு தோசைக் கடை போட்டார். நான் மாதம் ஒரு முறை பஸ் பிடித்துப் போய் அங்கே தோசை சாப்பிட்டேன். பரிகாரமாம். என் பாவத்துக்கு அவர் சட்னி அரைத்தார்.

ஓய்வுபெற்றேன். சால்வை போட்டார்கள். இனி வேலை போகும் என்ற பயமும் இல்லை. அப்போதும் எழுதவில்லை.

இந்த வருஷம் அசனத்துக்கான கூட்டத்தில், பழையபடி அண்டா வைத்துச் சமைக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். பாக்கியநாதன் பேரை யாரோ சொன்னார்கள். புதிதாகக் கமிட்டிக்கு வந்த ஒருவர் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, அந்த ஆளா? தேவசகாயம் ஐயாவையே கொன்னவராச்சே!"

யாரும் மறுக்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சார் இறந்துவிட்டதாகவே நினைவு. சார் கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டில், இறைச்சியைக் குறைத்துக்கொண்டு, தலை நிறைய முடியோடு இருக்கிறார். வெளியே வந்து போன் போட்டேன்.

"சார், நீங்க செத்துட்டீங்களாம்."

"அப்படியா? அடக்கம் எப்போ? வரணும்ல."

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "செல்வின், நான் உன்னைச் சொல்லாதேன்னது தப்புப்பா. ஒருத்தனைக் காப்பாத்தறேன்னு கணக்குல இன்னொருத்தனை விட்டுட்டேன். எழுது. முழுசா எழுது."

மறுநாள் படப்பைக்குப் போனேன். பாக்கியநாதன் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார். கடைசி வரை கேட்டார். தோசை கருகியது, அவர் கவனிக்கவில்லை. அவர் கையில் ஒன்று கருகி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எட்டு வருசமா இத்த சொல்லத்தான் இங்க வந்து குந்திகினு தோசை துன்னீங்களாண்ணே?"

"ஆமா."

"எம் பொண்ணு கல்யாணத்துல, மாப்ள வூட்டுக்காரங்கோ நா சமைக்கக் கூடாதுன்ட்டாங்கோ. தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. அந்தக் கல்யாணப் பத்திரிகையின் உறைகளுக்கு விலாசம் எழுதியது நான்தான்.

அவர் அடுப்பைத் தணித்தார். "மன்னிப்பெல்லாம் அப்பால பாத்துக்கலாம். மொதல்ல எழுதிக் குடுங்க. வாயால சொன்னீங்கன்னா, இங்கருந்து தாம்பரம் போறதுக்குள்ள பாதி கொட்டிப்பூடும்."

எழுதிவிட்டேன். சபைக் கூட்டத்தில் இதை நானே வாசிக்கப் போகிறேன். மருந்துக் கடையில் இப்போது நிற்கிற தம்பி தங்கைகளுக்கும் அனுப்புகிறேன். வாங்கிப் படிக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதை யாருக்காவது அனுப்பினால், நீளமாக இருக்கிறதே என்று வெட்டாதீர்கள். சுருக்கினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்கும் தெரியாது. என்னைத் திட்டும் வரிகளை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளுங்கள். 'பேதியோ குமட்டலோ வந்தால் வலி இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ' என்ற வரியையும், 'பாக்கியநாதன் சமைத்த கறியில் ஒரு குற்றமும் இல்லை' என்ற வரியையும் மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம்.

இடம் போதவில்லை என்றால் தாளைத் திருப்புங்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும்.